சிமெண்ட் பசுவுக்கு வந்த கோமாரி

எங்கள் பண்ணைக்குக் கோமாரி வந்துவிட்டது என்ற செய்தியை முதலில் கேட்டவன் நான்தான். நான் போய்ச் சொன்னதால் வீட்டில் யாரும் நம்பவில்லை.

அதில் அவர்கள் மேல் தப்பு இல்லை. ஓய்வு பெறும்வரை நான் பேருந்து நடத்துநர். 'பின்னாடியே ஒரு வண்டி காலியா வருது' என்று நாள் முழுக்கச் சொல்லிச் சம்பளம் வாங்கியவன். அந்த வண்டி இன்னும் வந்து சேரவில்லை. இப்போது என் தங்கச்சியின் பால் பண்ணையில் ஒண்டிக்கொண்டிருக்கிறேன். வேலை எதுவும் செய்வதில்லை என்று அவள் சொல்வாள். மேற்பார்வை என்பது பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தெரியும்.

அது சாதாரணப் பண்ணை அல்ல. எங்கள் பால் எவ்வளவு கெட்டி என்றால், ஒரு நாள் வாளி கவிழ்ந்தபோது பால் வாளியின் உருவத்திலேயே தரையில் நின்றது. தங்கச்சி மெதுவாக வாளியை அதன் மேல் கவிழ்த்து, நிமிர்த்தி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இதை நான் யாரிடமும் பெருமையாகச் சொல்வதில்லை.

பண்ணை வாசலில் ஒரு சிமெண்ட் பசு நிற்கிறது. விளம்பரத்துக்காகச் செய்து வைத்தது. செய்தவர் எருமையில் ஆரம்பித்துப் பாதியில் மனம் மாறியிருக்க வேண்டும். அதன் முகத்தில் எப்போதும் ஒரு வருத்தம். புதிதாகப் பிறந்த கன்றுகள் சில சமயம் அதன் மடியை முட்டிப் பார்க்கும். அப்படிக் குடித்தே ஒரு கன்று வளர்ந்தது என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை.

விஷயம் இப்படி ஆரம்பித்தது. கன்றுகளின் வாயோரத்தில் சின்னச் சின்னப் புண்கள் வந்தன. அப்புறம் பசுக்களின் காம்புகளிலும் வந்தன. வட்டார மருத்துவர் வந்து, எல்லா மாட்டின் வாயிலும் பஞ்சுக் குச்சியால் தொட்டெடுத்து, தலைநகர ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். இருபத்தேழு மாடு, இருபத்தேழு குச்சி. இருபத்தேழிலும் கோமாரிக் கிருமி இருப்பதாகப் பதில் வந்தது.

கோமாரி காற்றில் பறக்கும், சக்கரத்தில் ஒட்டும், செருப்பில் ஏறும். எங்கள் நாட்டில் அது ஒழிந்து பல காலம் ஆயிற்று. அதனால் சட்டம் கடுமை. ஒரு பண்ணையில் உறுதியானால் அங்கிருக்கும் அத்தனை மாட்டையும் கொன்று புதைத்துவிட வேண்டும். வாசலில் சிவப்பு நாடா கட்டி, கால் நனைக்க மருந்துத் தொட்டி வைத்து, ஒரு காவல்காரரையும் நிறுத்திவிட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் உள்ளே மாட்டிக்கொண்டோம். நான், தங்கச்சி, பால் கறக்கும் ரேடியோ. ரேடியோ என்பது பட்டப்பெயர். வாயைத் திறக்கவே மாட்டான் என்பதால் வந்தது. கறந்த பாலை வெளியே அனுப்பக் கூடாது என்று உத்தரவு. தினமும் குழியில் கொட்டினோம். பின்புறக் காலி இடத்தில் பெரிய பள்ளம் தோண்ட இயந்திரம் வந்து நின்றது.

தங்கச்சியின் புருஷன் போனபோது இருந்தவை இரண்டே மாடுகள். மற்றவை எல்லாம் அவள் கையில் பிறந்தவை. காவல்காரர் நல்ல மனிதர், ஆறுதலாக ஏதோ சொல்ல நினைத்தார்.

"கவலைப்படாதீங்கம்மா. போனா வேற மாடு குடுப்பாங்க."

"உங்க வீட்டுக்காரம்மா போயிட்டாலும் வேற குடுப்பாங்களா?"

காவல்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் யோசித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் டாக்டர் வந்தாள். தலை முதல் கால் வரை வெள்ளை உறை, ரப்பர் பூட்ஸ், இரட்டைக் கையுறை, முகமூடி. நிலாவுக்குப் போகிற வழியில் இறங்கியவள் போல இருந்தாள். எங்கள் மாடுகளில் 'கோபக்காரி' என்று ஒருத்தி உண்டு. உதைக்காமல் யாரையும் விட்டதில்லை. அவளே டாக்டரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சும்மா நின்றாள். எங்கே கால் இருக்கிறது, எங்கே உறை இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

டாக்டர் ஒவ்வொரு மாட்டுக்கும் காய்ச்சல் பார்த்தாள். குளம்பைத் தூக்கி விரலிடுக்கைத் துழாவினாள். வாயைத் திறந்து நாக்கை இழுத்துப் பார்த்தாள். எல்லாம் முடிந்ததும் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, முகமூடிக்குள் பெருமூச்சு விட்டாள். அவள் கண்ணாடியில் ஆவி படிந்தது.

"என்ன டாக்டர், மோசமா?" என்றாள் தங்கச்சி.

"மோசமா இல்லைங்கறதுதான் மோசம். காய்ச்சல் இல்ல. குளம்பு சுத்தமா இருக்கு. கோமாரின்னா எச்சில் கயிறு கயிறா தொங்கும், தீனியைத் திரும்பிப் பாக்காது. இதுங்க என் கையுறையைத் தின்னப் பாக்குது."

"அப்ப நோய் இல்லையா?"

"ஆய்வுக்கூடம் இருக்குங்குதே. அதுவும் எல்லாத்துக்கும். புண்ணு இருக்கற மாட்டுக்கும் அதே அளவு, புண்ணே இல்லாத மாட்டுக்கும் அதே அளவு. வகுப்புல எல்லாப் பிள்ளைங்களும் ஒரே மார்க் வாங்கினா வாத்தியார் என்ன நினைப்பாரு?"

"காப்பியடிச்சிருக்காங்கன்னு" என்றேன் நான்.

"மாடா?" என்றாள் தங்கச்சி.

டாக்டர் சிரிக்கவில்லை. தரையில் ஒரு குச்சியால் மூன்று கட்டம் போட்டாள்.

"இதுதான் எங்க ஆய்வுக்கூடம். மூணு அறை. மொதல் அறையில நீங்க அனுப்பற குச்சியைத் திறந்து, அதுல இருக்கறதைப் பிரிச்செடுப்போம். ரெண்டாவதுல மருந்து சேர்ப்போம். மூணாவதுல ஒரு இயந்திரம் இருக்கு. துளியூண்டு கிருமி இருந்தாலும் அதோட அடையாளத்தைக் கோடிக்கணக்கா பெருக்கிக் காட்டிடும். ஒப்பிட்டுப் பாக்க நிஜக் கோமாரிக் கிருமித் துளியையும் தினமும் அதுல ஓட்டுவோம். அதனால மூணாவது அறை முழுக்க அந்தத் தூசிதான். அங்கேர்ந்து ஒரு ஆளு, ஒரு பேனா, ஒரு கோட்டு திரும்ப மொதல் அறைக்கு வரக் கூடாது. ஒரு பொட்டு வந்தாக்கூட எல்லாக் குழாயும் 'ஆமா, இருக்கு'ன்னும்."

"அப்படி யாராவது வந்திருப்பாங்களா?"

"வர மாட்டாங்க. எங்க இயக்குநர் அவ்வளவு கண்டிப்பு. ஒவ்வொரு கதவுலயும் விதிமுறையைத் தன் கையாலயே எழுதி ஒட்டியிருக்காரு. வெறுந்தண்ணியையும் ஒரு குழாயில வெச்சுப் பாப்போம், தப்பு நடந்தா அது காட்டிக்குடுத்துடும். அது சுத்தமாத்தான் வந்துச்சு." குச்சியை இரண்டாவது கட்டத்தில் ஊன்றினாள். "ஆனா தண்ணியை இங்கதான் சேர்க்கறோம். மொதல் அறையில என்ன நடந்தாலும் தண்ணிக்குத் தெரியாது."

குச்சியை முதல் கட்டத்துக்கு நகர்த்தினாள்.

"மாடே இல்லாத ஒண்ணை மொதல் அறை வழியா அனுப்பிப் பாக்கணும். ஆனா மாடுன்னு சொல்லித்தான் அனுப்பணும். சோதனைன்னு தெரிஞ்சா அன்னைக்கு மட்டும் எல்லாரும் ஜாக்கிரதையா இருப்பாங்க."

துக்க வீட்டிலும் எனக்கு வாய் நிற்காது. "வாசல்ல ஒருத்தி நிக்கறாளே டாக்டர். இத்தனை வருஷத்துல ஒரு வாய் புல்லு தின்னதில்ல. அவளையும் ஒரு எட்டு பாத்துடுங்க, விட்டுப் போச்சேன்னு வருத்தப்படுவா."

"அண்ணே, நாளை மறுநாள் பள்ளத்துல தள்ளப் போறாங்க. இப்பவுமா உனக்கு?" என்று தங்கச்சி சீறினாள்.

டாக்டர் எழுந்து வாசல் பக்கம் போய்விட்டாள். நாங்கள் பின்னாலேயே போனோம். சிமெண்ட் பசுவை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். பிறகு அதன் முகத்தை மருந்துத் தண்ணீரால் நன்றாகத் தேய்த்துக் கழுவினாள். காற்று வழியாக எதுவும் ஒட்டியிருக்கக் கூடாதாம். அந்தப் பசுவுக்குப் பிறந்ததிலிருந்து அதுதான் முதல் குளியல். உலர்ந்ததும் புதுப் பஞ்சுக் குச்சியை எடுத்து மூக்கில் தொட்டு, குழாயில் போட்டு மூடினாள்.

"விவரம் எழுதணும். வயசு?"

"பத்து, பன்னெண்டு இருக்கும்" என்றேன்.

"இனம்?"

"கலப்பினம்தான். சிமெண்ட் ஒண்ணு, மணல் நாலு."

"கலப்பினம்" என்று எழுதினாள். "கறவை?"

"இன்னும் யார் கைக்கும் இறங்கல."

"குணம் எல்லாம் கேக்க மாட்டாங்க" என்றாள் டாக்டர். முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களில் மட்டும் ஒரு சிரிப்பு வந்து போனது. மற்ற மாடுகளின் வாயிலும் மறுபடி தொட்டெடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அடுத்த நாள் மத்தியானம் இயக்குநரே வந்தார். பின்னால் டாக்டர். இயக்குநர் நெடுநெடுவென்று உயரம். இஸ்திரி போட்ட சட்டைக்கு மேலே இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டு. ஆய்வுக்கூடத்திலிருந்து அப்படியே வண்டியில் ஏறியிருக்கிறார். எங்கள் பண்ணைக்காக அதன் மேல் உறையை மாட்டப் போனார்.

மாட்டுவதற்கு முன்னால் நாடாவுக்கு அந்தப் பக்கம் நின்றே தங்கச்சியிடம் சொன்னார். "வருத்தமாத்தான் இருக்கும்மா. ரெண்டாவது தடவையும் பாத்தாச்சு. இருபத்தெட்டும் உறுதி."

"எங்ககிட்ட இருக்கறது இருபத்தேழு."

"இருபத்தெட்டு குச்சி வந்துச்சும்மா. அதுலயும் கடைசியா வந்த ஒண்ணுக்குத்தான் எல்லாத்தையும் விட அதிகம். அந்த மாட்டை மொதல்ல தனியாப் பிடிச்சுக் கட்டுங்க."

"அது எங்கேயும் ஓடாது சார்" என்றேன்.

தங்கச்சி என்னை முறைத்தாள். டாக்டர் தொண்டையைச் செருமினாள். இவர் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்கு அடுத்த மாதம் வேலை.

"சார், அந்த மாடு உங்க பக்கத்துலதான் நிக்குது."

இயக்குநர் இடது பக்கம் திரும்பினார். யாரும் இல்லை. வலது பக்கம் திரும்பினார். சிமெண்ட் பசு வழக்கமான வருத்தத்தோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் விரல் முட்டியால் அதன் நெற்றியில் தட்டினார். டொக் டொக் என்றது.

"இதுவா?"

"இதுதான் சார். முகத்தை மருந்து போட்டுக் கழுவிட்டு எடுத்தேன்."

பின்பக்கம் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அவர் கத்துவார் என்று நினைத்தேன். மனிதர் கத்தவில்லை. மனதுக்குள் அறை அறையாக நடந்து பார்க்கிறார் என்பது மட்டும் தெரிந்தது.

"மொதல் அறையிலதான் சேர்ந்திருக்கணும்" என்றார் மெதுவாக. "ஆனா மூணாவதுலேர்ந்து அங்க யாருமே வர முடியாதே. நானே தினமும் காலையில போய்ப் பாக்கறேன்."

"எப்படி சார் பாக்கறீங்க?"

"எப்படின்னா? என் மேஜை இருக்கறது மூணாவது அறையில. அங்கேர்ந்து கிளம்பி, ரெண்டாவதுல எட்டிப் பாத்துட்டு, மொதல் அறைக்குப் போய், குழாயைச் சரியாத் திறக்கறாங்களான்னு கிட்டக் குனிஞ்சு..."

அப்படியே நின்றுவிட்டார். பிறகு தன் கோட்டின் வலது கைமடிப்பைத் தூக்கிப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. அந்த வெண்மையைப் பார்த்து ஒரு மனிதர் அவ்வளவு பயந்து நான் கண்டதில்லை.

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டாள். விதியை யாரும் மீறவில்லை. விதியை எல்லோரும் மதிக்கிறார்களா என்று பார்க்கப் போனவர் ஒருத்தர்தான் எதிர்த்திசையில் நடந்திருக்கிறார்.

அவர் செய்ததை நான் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. கோட்டைக் கழற்றினார். உள்பக்கம் வெளியே தெரியும்படி மடித்துப் பையில் போட்டுக் கட்டினார். கையைத் தேய்த்துக் கழுவினார். போனை எடுத்து அங்கேயே, எல்லோர் காதிலும் விழும்படி பேசினார்.

"இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்க. தப்பு எங்க பக்கம். எங்க பக்கம் என்ன, என் பக்கம்."

உறுமல் நின்றது. தங்கச்சி நாடாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப என் மாடுங்களுக்கு ஒண்ணும் இல்லையா சார்?"

இயக்குநர் பொய் சொல்லத் தெரியாதவர். நடத்துநர் தொழிலுக்கு லாயக்கில்லை. "அப்படிச் சொல்ல முடியாதும்மா. சிமெண்ட் மாட்டுக்கு வந்தது பொய்யின்னா, நிஜ மாட்டுக்கு வந்தது பொய்யின்னு ஆயிடாது. தெரியலைங்கறதுதான் இப்பத்திய பதில். வேற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பணும். ஆனா மேல இருக்கறவங்க கேப்பாங்க, கோமாரி இல்லைன்னா இந்தப் புண்ணெல்லாம் என்னன்னு. அதுக்குப் பதில் இல்லாம அந்தப் பள்ளத்தை மூட விட மாட்டாங்க."

டாக்டர் மறுபடி உள்ளே ஓடினாள். கன்றுகளின் வாய்ப் புண் ஆறி, தழும்பு மட்டும் இருந்தது. காம்புப் புண்களில் பொருக்குகூட மிச்சமில்லை. வேளாவேளைக்கு மருந்துத் தண்ணீரால் கழுவ வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார்கள். தங்கச்சி ஒரு வேலையை ஒப்புக்கொண்டால் தோல் உரிய உரியச் செய்கிறவள். மாடுகள் பளபளவென்று, எந்தத் தடயமும் இல்லாமல் நின்றன.

"ஒரு பொருக்கு போதும்" என்று டாக்டர் முனகிக்கொண்டே காம்பு காம்பாகத் தேடினாள். "புதுசா ஒரே ஒரு புண்ணு இருந்தா போதும்."

"டாக்டர்" என்று ஒரு குரல் கேட்டது.

அது யார் குரல் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் பண்ணையில் அதுவரை பேசாமல் இருந்த பிராணிகள் இருபத்தேழும் ஒன்றும். திரும்பிப் பார்த்தால் ரேடியோ. தோளில் கிடக்கும் துண்டைச் சில நாட்களாக அவன் கையில்தான் சுற்றி வைத்திருந்தான். ஏதோ புதுப் பழக்கம் என்று மேற்பார்வையில் நான் விட்டிருந்தேன். இப்போது அதைப் பிரித்தான்.

விரல்களில் சிவப்பும் ஊதாவுமாக மூன்று கட்டிகள். நுனியில் பொருக்கு.

"நான்தான் குடுத்துட்டேன்" என்றான். "என் கையிலேர்ந்துதான் அதுங்களுக்கு வந்திருக்கு. அன்னைக்கே சொல்லியிருக்கணும். எனக்கு இந்த வேலையை விட்டா வேற தெரியாதுக்கா. கையில நோயின்னா யாரு கறக்க விடுவாங்க?"

தங்கச்சி அவன் பக்கத்தில் போய் அந்தக் கையைப் பார்த்தாள். பண்ணையே இடிந்து விழும்படி ஏதாவது சொல்வாள் என்று நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

"இந்தக் கையோடவாடா தினமும் ரெண்டு வேளையும் கறந்த? வலிக்கலையா?"

"வலிக்குதுக்கா."

"வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

அவ்வளவு பேசியதே அவனுக்கு அந்த வருஷத்துக்குப் போதும்.

டாக்டர் மட்டும் அந்தக் கட்டிகளைப் புதையல் கண்ட மாதிரி பார்த்தாள். "அண்ணா, கையை ஆட்டாதீங்க. அப்படியே வெச்சிருங்க." பிறகு தன் இடது கையுறையைக் கழற்றி, கட்டைவிரல் ஓரத்தில் இருந்த ஒரு பழைய வடுவைக் காட்டினாள். "இது எனக்குப் படிக்கும்போது ஆட்டுக்கிட்டேர்ந்து வந்துச்சு. நீங்களா மாட்டுக்குக் குடுத்தீங்க, மாடா உங்களுக்குக் குடுத்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. மாத்தி மாத்திக் குடுத்துப்பீங்க. பால் கறக்கறவங்க கையில வர்ற கொப்புளம் இது. அம்மைக் கிருமிக்குத் தூரத்துச் சொந்தம். சில வாரத்துல தானா ஆறிடும். உயிரை எடுக்காது. கோமாரி மனுஷங்க கையில இப்படி வர்றதே இல்ல."

"நிஜமாவா?" என்றான் ரேடியோ.

"ஆய்வுக்கூடம் சொல்லட்டும். இந்தத் தடவை எங்களது இல்ல" என்றாள் டாக்டர்.

அவள் இடுக்கியால் பொருக்கை எடுத்தாள். இயக்குநர் கோட்டு இல்லாமல், உறை போட்டுக்கொண்டு வந்து அவளுக்குத் தட்டு ஏந்தி நின்றார். அவர் கைக்குப் பழக்கமில்லாத வேலை என்பது தெரிந்தது. "சார், கொஞ்சம் தள்ளிப் பிடிங்க" என்றாள் அவள். தள்ளிப் பிடித்தார். கன்றுகளின் தழும்பிலும் மற்ற மாடுகளின் வாயிலும் புதுக் குச்சியால் தொட்டெடுத்தாள். கிளம்பும்போது அவரே நினைவு வந்து, பைக்குள் கட்டி வைத்த தன் கோட்டின் கைமடிப்பிலிருந்தும் ஒரு குச்சி எடுத்துத் தரச் சொன்னார்.

பதில் வரும்வரை தங்கச்சி ராத்திரியும் தொழுவத்திலேயே கிடந்தாள். நான் அவளுக்கு ஆறுதலாக என் பேருந்துக் கதைகளைச் சொன்னேன். அதற்குள் தூங்கிவிடுவாள். அவ்வளவு பயன்பட்டேன்.

வேறு ஊர் ஆய்வுக்கூடத்தின் பதிலை டாக்டர் போனில் படித்தாள். ரேடியோ கேட்கும்படி தங்கச்சி ஒலியைக் கூட்டினாள். மாடுகளில் கோமாரி இல்லை. ஒன்றில்கூட இல்லை. ரேடியோவின் விரலில் இருப்பது டாக்டர் சொன்ன அதே கொப்புளம். கன்றுகளிலும் அதன் தடயம் இருக்கிறது. கோமாரி உறுதியானது இயக்குநரின் கோட்டுக்கு மட்டும். ஆய்வுக்கூடத்தில் மூன்று அறையையும் மூடிவிட்டுக் கழுவுகிறார்களாம். இயக்குநர் மேஜையை வெளியே வராந்தாவுக்கு மாற்றிக்கொண்டுவிட்டாராம். அங்கிருந்து எந்த அறைக்குப் போவதானாலும் முதல் அறையிலிருந்துதான் தொடங்க முடியும்.

போனை வைத்த பிறகு தங்கச்சி அழவில்லை. கோபக்காரியின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். கோபக்காரி கூட ஒரு காலை மட்டும் தூக்கி, மரியாதைக்காகத் திரும்ப வைத்துவிட்டாள்.

காவல்காரர் நாடாவை அவிழ்த்தார். இயந்திரம் பள்ளத்தை மூடிவிட்டுப் போனது. சாயங்காலம் பால் வண்டி வரும் என்று தகவல் வந்தது.

ஆனால் ரேடியோ கறக்கக் கூடாது, கை ஆறும்வரை. டாக்டர் முறையும் சொல்லியிருந்தாள். புண் வராத மாடுகளை முதலில் கறக்க வேண்டும், புண் வந்தவற்றைக் கடைசியில். ஒரு மாட்டிலிருந்து அடுத்த மாட்டுக்குப் போகும்முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஆளுக்கு எங்கே போவது? தங்கச்சி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோபக்காரியின் அடியில் போய் உட்கார்ந்தாள். அவள் கறந்து பல காலம் ஆயிற்று. ரேடியோ இரண்டு கையையும் துணியில் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"மெதுவாக்கா. அப்படிப் பிடிச்சு இழுத்தா யாருக்குத்தான் கோபம் வராது? கட்டைவிரலை மடக்காதீங்க."

"நான் கறந்த மாட்டுக் கன்னுடா இவ."

"இருக்கலாம். இப்ப என் கைக்குப் பழகிட்டா. கொஞ்சம் பேச்சுக் குடுத்துக்கிட்டே கறங்க."

"நீ பேசியா கறக்கற?"

"இதுங்ககிட்டப் பேசுவேன்" என்றான்.

பால் முதலில் நூலாக வந்தது. அப்புறம் வாளியின் அடியில் சளசளவென்று விழ ஆரம்பித்தது. தங்கச்சி நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, வாளியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த மாட்டுக்குத் தாவினாள்.

"அக்கா."

"என்னடா?"

"கையைக் கழுவிட்டு வாங்க."

என் தங்கச்சி யார் பேச்சையும் கேட்டு நான் பார்த்ததில்லை. புருஷன் பேச்சைக் கேட்டதில்லை, அரசாங்கத்தின் பேச்சைக் கேட்டதில்லை, என் பேச்சைக் கேட்காததைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அன்றைக்கு எழுந்து குழாயடிக்குப் போனாள். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டாள்.